காற்றின் உஷ்ணமும் ஒரு சென்சாரின் சாட்சியமும்

சிரஞ்சீவி தம்பிக்கு,

பட்டறைக்கு வந்த காரில் செக் எஞ்சின் விளக்கு எரிவதையும், ஸ்கேனரில் பி 0113 என்ற குறியீடு வந்திருப்பதையும் எழுதி, புது சென்சாருக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் உஷ்ணத்தைத் தெரிவிக்கும் மின்சுற்றில் வோல்டேஜ் இருக்கவேண்டிய அளவுக்கு மேல் ஏறி நிற்கிறது என்ற ஒரு சங்கதியைத்தான் அந்தக் குறியீடு அறிவிக்கிறது. பழுது சென்சாரிலா, வயரிலா, கப்ளரிலா என்று நிர்ணயிக்கும் பொறுப்பை அது உன்னிடம் விட்டுவிடுகிறது.

முதலில் காரணத்தை மனத்தில் வாங்கிக்கொள். ஒரு கிலோ பெட்ரோல் பூரணமாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.29 கிலோ, நம் ஊர்ச் சித்திரை வெயிலில், 40 டிகிரியில், அதே அளவுக் காற்றின் எடை சுமார் 1.13 கிலோதான். எனவே, காற்றை நேரடியாக நிறுக்காமல் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் கொண்டு அதன் எடையைக் கணிக்கும் எஞ்சின்களில், உஷ்ணக் கணக்குப் பிழையானால் பெட்ரோல் கணக்கும் பிழையாகிறது. ஆக்ஸிஜன் சென்சார் சூடேறி வேலைக்கு வந்தபின் அந்தப் பிழையைப் பெரும்பாலும் திருத்திவிடும். அதற்கு முன், காலையில் வண்டியைக் கிளப்பும் வேளையில்தான் தொல்லை வெளிப்படுகிறது.

இந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடேறினால் மின்தடை குறையும் என்ற இயல்பை மைக்கேல் பாரடே 1833-இலேயே வெள்ளி சல்பைடில் கண்டிருக்கிறார். பல கார்களில் உள்ள சென்சார் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓமும், 40 டிகிரியில் 1,200 ஓமும், 80 டிகிரியில் 300 சொச்சமும் காட்டும்; உன் வண்டிக்கு அதன் பட்டியலே பிரமாணம். எஞ்சினை ஆளும் கணினி தன்னுள்ளிருக்கும் ஒரு தடையின் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, எஞ்சி நிற்கும் வோல்டேஜைப் படித்து உஷ்ணத்தை ஊகிக்கிறது. சுற்று எங்கேனும் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினி அதை மைனஸ் 40 டிகிரிக் குளிர் என்று படிக்கும். இரு வயர்களும் ஒட்டிக்கொண்டால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும்; அப்போது நூறு டிகிரிக்கும் மேலான சூடு தெரியும்.

இனிச் சோதனை. முன்னிரவே வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, காற்றின் உஷ்ணத்தையும் கூலன்ட்டின் உஷ்ணத்தையும் ஸ்கேனரில் பார். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் வெளிக்காற்றின் சூட்டோடு ஐந்தாறு டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும். மதியத்தில் இதைச் செய்யாதே. ஓடி நின்ற எஞ்சினின் அனலில் சென்சார் 60 டிகிரி காட்டினால் அது பொய்யன்று, வண்டி நகர்ந்ததும் தானே இறங்கிவிடும். அதை அறியாமல் நல்ல சென்சாரைக் கழற்றி எறிவது அநியாயம்.

காலையிலும் மைனஸ் 40 நின்றால், சாவியை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்று. இரண்டு வயர் மட்டும் உள்ள சென்சாரானால், வண்டிப் பக்கத்துக் கப்ளரின் இரு முனைகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியைப் போடு. எண் உச்சச் சூட்டுக்குத் தாவினால் வயரும் கணினியும் குற்றமற்றவை. சென்சாரோ கப்ளரின் பிடிப்போதான் காரணம். தாவாவிட்டால் எத்தனை புதுச் சென்சார் போட்டும் பிரயோஜனமில்லை. குறியீடு பதிவானதும் மாற்று மதிப்பொன்றைக் காட்டும் வண்டிகளும் உண்டு. ஆதலால் குறியீட்டை அழித்துவிட்டுப் பார்ப்பது உசிதம். காற்றை அளக்கும் சென்சாருடன் ஒரே கூட்டில் நான்கைந்து வயர்களோடு அமைந்திருந்தால் வரைபடம் பாராமல் எந்த முனையையும் இணைக்காதே, கணினிக்கே ஆபத்து.

கண்ணாலும் பரிசோதி. கப்ளரைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால், ஒரு முனையில் மட்டும் பச்சைக் களிம்பு படிந்திருக்கக்கூடும். ஏர் பில்டர் மாற்றும்போதெல்லாம் இழுபடும் இடத்தில், மேலுறை முழுதாயிருக்கையிலேயே உள்ளே செம்பு இழை அறுந்திருக்கக்கூடும். வயரை மெல்ல அசைத்துக்கொண்டே ஸ்கேனரைக் கவனி. எண் துள்ளினால் அந்த இடம்தான்.

கடைசியாக, கழற்றிய சென்சாரை மல்டிமீட்டரில் இணைத்து, முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டு. ஓம் அளவு தடங்கலின்றி இறங்கவும், ஆறவிட்டால் அவ்வாறே ஏறவும் வேண்டும். முனையில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சென்சார் சரியான எண்ணைக் காட்டினாலும் நிதானமாகத்தான் காட்டும். குறியீடே பதியாமல் மைலேஜைக் குறைக்கும் அவ்வகைப் பழுதை நான் அறுந்த சென்சாரைவிட மோசமானதாகவே கருதுகிறேன்.

காலையில் கண்ட இரு உஷ்ணங்களையும், முனைகளை இணைத்தபோது வந்த எண்ணையும், சென்சாரின் ஓம் அளவையும் குறித்து எனக்கு எழுது. அவற்றைப் பார்க்கும்வரை வண்டிக்காரரிடம் சென்சாருக்குப் பணம் வாங்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்