பணம் யார் பேரில் வருகிறது?

2014-ல் எம்.எஸ்சி. வேதியியலில் எங்கள் துறையில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். பிஎச்.டி. முடிக்க எட்டு வருஷம் ஆயிற்று. படிப்பில் நான் குறை வைக்கவில்லை. சேரும்போது செய்த ஒரு தப்பு அத்தனை வருஷத்தையும் தின்றுவிட்டது.

எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்திலேயே சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதலாம். நான் விண்ணப்பிக்க இருந்த வாரத்தில் பேராசிரியர் கூப்பிட்டார். "நெட்டெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்மா. ப்ராஜெக்ட் கையில இருக்கு, பரீட்சை முடிஞ்சதும் வந்து சேந்துடு." மாதம் 14,000 ரூபாய். அப்பா தறி ஓட்டுகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி நான். ப்ராஜெக்டிலும் அவரிடமே பிஎச்.டி.க்கும் சேர்ந்துவிட்டேன்.

அதே வருஷம், நெட்டில் முன்னணியில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ஆனது. மாதம் 11,000 போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜே.ஆர்.எஃப். உங்கள் பேரில் ஐந்து வருஷம் வரை வருகிற பணம். ப்ராஜெக்ட் பணம் பேராசிரியர் பேரில் வருவது. யார் பேரில் பணம் வருகிறதோ அவர் கையில்தான் உங்கள் நாட்களும் இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வருஷத்தில் ப்ராஜெக்ட் முடிந்தது. சம்பளம் நின்றது, வேலை நிற்கவில்லை. விடைத்தாள் கூட்டினேன், கருத்தரங்குக்குப் பை வாங்கினேன், ஜூனியர்களின் ஆய்வறிக்கையைத் திருத்தினேன். "நெட்டுக்குப் படிக்க ஒரு மாசம் லீவு வேணும் சார்" என்றால், "இந்த கான்ஃபரன்ஸ் முடியட்டும்மா" என்பார். அது முடிந்தால் அடுத்தது. லேபில் இருந்தபடியே இரண்டு தடவை எழுதினேன். இரண்டாம் தடவை ஜே.ஆர்.எஃப். வரவில்லை, எல்.எஸ். (லெக்சரர்ஷிப்) மட்டும் கிடைத்தது. அது உதவிப் பேராசிரியர் ஆகத் தகுதி தரும், காசு தராது. கடைசியில் பிஎச்.டி.யைப் பகுதி நேரமாக மாற்றிக்கொண்டு, சுயநிதிக் கல்லூரி ஒன்றில் 12,000 சம்பளத்துக்குப் பாடம் எடுத்தேன்.

கோர்ஸ் ஒர்க், டாக்டோரல் கமிட்டி, சினாப்சிஸ், வைவா எல்லாம் அதனதன் நேரத்தில் நடந்துவிடும். சேருவதற்கு முன் யோசிக்க வேண்டியவைதான் முக்கியம்.

ஜே.ஆர்.எஃப். கையில் இல்லாமல் சேராதீர்கள். 2023 முதல் அது மாதம் 37,000. இரண்டு வருஷம் கழித்து 42,000. அதற்காக ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து படித்தால் சொந்தக்காரர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

வழிகாட்டியைப் பார்க்கும் முன் அவரிடம் படித்து வெளியே போனவர்களைப் பாருங்கள். லேபில் இப்போது இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். தீசிஸ் கொடுக்க எத்தனை வருஷம் ஆயிற்று, பேப்பரில் முதல் பெயர் யாருடையது என்று கேளுங்கள்.

ஒரு கருவியையாவது கைப்பழக்கமாகக் கற்றுக்கொள்ளுங்கள். கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைச் சரிபார்க்க சர்வீஸ் இன்ஜினியர் வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைத்தேன். "கம்பெனிக்குப் போறவங்க ஆராய்ச்சியில தோத்தவங்க" என்பது எங்கள் பேராசிரியர் வாக்கு. அதை நம்பி அரசுக் கல்லூரி வேலைக்கே காத்திருந்தேன். 2019-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தேன். அந்த அறிவிப்பே பிறகு கைவிடப்பட்டது.

2022-ல் வைவா முடிந்து ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேன். தீசிஸ் தலைப்பை யாரும் கேட்கவில்லை. "எச்.பி.எல்.சி.யில் பீக் இரண்டாகப் பிளந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்றார்கள். சாம்பிளைக் கரைத்த கரைப்பான் மொபைல் ஃபேஸைவிட வலுவானதா என்று பார்ப்பேன் என்றேன். அங்கேதான் இன்று வேலை செய்கிறேன். நான் தோற்றவள் இல்லை.

என் சித்தி மகள் இப்போது எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். அவளையும் ஒரு பேராசிரியர் ப்ராஜெக்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அவள் பதில் சொல்வதற்குள் நெட் விண்ணப்பக் கட்டணத்தை நான் கட்டிவிட்டேன்.