ஒரு பொருள், பல விலை

ஒரே ஆலையில் ஒரே வகையாகச் செய்யப்பெற்ற இரு கருவிகள், இரு தேசத்துக் கடைகளை அடைந்தவுடன் வெவ்வேறு விலை பெறுவதேன்? சரக்கைத் தடையின்றிக் கொண்டுசெல்லவும் விற்கவும் கூடுமாயின் ஒரு பொருளுக்கு எங்கணும் ஒரே விலையே நிலவும் என்பது பொருளாதார நூலார் கூறும் விதி. மலிந்த இடத்தில் வாங்கி, விலை மிகுந்த இடத்தில் விற்பார் பலர் தோன்றி, ஏற்றத்தாழ்வை விரைவில் நீக்கிவிடுவர் என்பது அவர் கருத்து. கைப்பேசி முதலிய மின்னணுக் கருவிகள் எடையிற் சிறியன, விலையிற் பெரியன. ஆதலின் இவ்விதி இவற்றிற்கே முதற்கண் பொருந்துதல் வேண்டும். நடைமுறையோ வேறாக இருக்கின்றது.

2007ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள காமன்வெல்த் செக்யூரிட்டீஸ் என்னும் நிறுவனத்தார், ‘ஐபாட் நானோ’ என்ற இசைக்கருவியின் விலையை இருபத்தாறு நாடுகளில் ஒப்புநோக்கி வெளியிட்டனர். அமெரிக்காவில் 149 டாலருக்கு விற்ற அக்கருவி பிரேசிலில் ஏறக்குறைய 327 டாலருக்கு விற்றது. உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்றிற்குக் கப்பற்கூலி இத்துணையாகாது. எனவே, பிற காரணங்களை ஈண்டு ஆராய்வாம்.

1. வரி

முதலில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கடைகளிற் குறிக்கப்பெறும் விலையில் விற்பனை வரி அடங்குவதில்லை. பணம் செலுத்துங்கால் அது தனியே கூட்டப்பெறும். ஆரிகன் போன்ற சில மாநிலங்களில் அவ்வரி அறவே இல்லை. ஐரோப்பிய நாடுகளிலோ குறித்த விலையிலேயே மதிப்புக்கூட்டு வரி அடங்கியுள்ளது. அது ஜெர்மனியில் நூற்றுக்கு 19, ஹங்கேரியில் 27. ஆதலின், இரு தேசத்து விலைச்சீட்டுகளை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் முறையன்று.

பிரேசிலில் இறக்குமதித் தீர்வை, தொழிற்பொருள் வரி, மாநில வரி எனப் பல அடுக்குகள் உள. ஒரு வரி சேர்ந்த தொகையின்மேல் மற்றொரு வரி விதிக்கப்பெறுவதால் சுமை பெருகுகின்றது. 2013இல் ‘பிளேஸ்டேஷன் 4’ என்னும் விளையாட்டுக் கருவி அமெரிக்காவில் 399 டாலராக இருக்க, பிரேசிலில் 3,999 ரியாலாக அறிவிக்கப்பெற்றது. அக்காலத்து நாணய மாற்றின்படி அஃது 1,800 டாலருக்கும் மேற்பட்டது. மக்கள் கொதித்தெழவே, விலையிற் பெரும்பகுதி வரியே என்று விற்றோர் விளக்கம் கூறினர்.

2. நம் நாட்டுக் கணக்கு

வரியின் வலிமையைக் கணக்கிட்டே காணலாம். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘ஐபோன் 15’ அமெரிக்காவில் 799 டாலர். டாலர் ஒன்றுக்கு 83 ரூபாயாகக் கொள்ளின் இது 66,317 ரூபாய். நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரியைக் கூட்டினால் 78,254 ரூபாய் ஆகும். இந்தியாவிற் குறித்த விலை 79,900 ரூபாய்; ஏறத்தாழச் சமமே. இக்கைப்பேசி நம் ஸ்ரீபெரும்புதூரிலும் பொருத்தப்பெற்றமையின் இறக்குமதித் தீர்வை இதனைச் சாரவில்லை.

நிற்க. அதனுடன் வெளிவந்த ‘ஐபோன் 15 புரோ’ அந்நாளில் வெளிநாட்டிலிருந்தே வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 999 டாலர். அஃதாவது 82,917 ரூபாய். தீர்வையும் மேல்வரியும் சேர்ந்து நூற்றுக்கு 22. அதனையும், பின்னர்ச் சரக்கு சேவை வரியையும் கூட்டினால் ஏறத்தாழ 1,19,400 ரூபாய் ஆகின்றது. குறித்த விலையோ 1,34,900 ரூபாய். தீர்வை என்பது துறைமுக மதிப்பின்மேல் விதிக்கப்பெறுவதேயன்றிச் சில்லறை விலையின்மேல் அன்று. ஆதலின் உண்மைத் தீர்வை இக்கணக்கினுங் குறைவே. எஞ்சியது விற்போர் பங்கும், நாணய வீழ்ச்சிக்கு அஞ்சி வைத்த காப்பும் எனக் கொள்ளலாம். 2024ஆம் ஆண்டு ஜூலையில் தீர்வை 20இலிருந்து 15ஆகக் குறைக்கப்பெற்றது. அவ்வாண்டு ‘16 புரோ’ 1,19,900 ரூபாய்க்கு வந்தது.

3. நாணய மாற்று

விலைச்சீட்டு நாள்தோறும் மாறுவதன்று. நாணய மதிப்போ நாள்தோறும் மாறுவது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 115 யென் வழங்கிற்று. அக்டோபரில் 150ஐக் கடந்தது. இடையில், ஜப்பானியக் கடைகளில் ஐபோன்கள் டாலர்க் கணக்கிற் பெரிதும் மலிந்தன. ஜூலைத் திங்களில் ‘ஐபோன் 13’இன் விலை 98,800 யென்னிலிருந்து 1,17,800ஆக உயர்த்தப்பெற்றது. அயல்நாட்டாருக்கு அது பழைய விலையே. யென்னிற் சம்பளம் பெறும் ஜப்பானியருக்கோ சுமை.

4. விற்போர் விருப்பம்

வரியும் நாணயமும் மட்டுமே காரணமாயின், கப்பலேறாத, சுங்கச்சாவடி காணாத கணினி மென்பொருள்கள் எங்கும் ஒரே விலைக்கு விற்றல் வேண்டும். அவையும் ஆஸ்திரேலியாவில் மிக்க விலைக்கு விற்றன. அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவொன்று 2013இல் ஆப்பிள், மைக்ரோசாப்ட், அடோபி என்னும் மூன்று நிறுவனத்தாரையும் அழைத்து வினவியது. வாங்குவோர் எவ்வளவு தரவல்லரோ அவ்வளவு விலை வைத்தல் வணிகர் இயல்பு. ஒரு நாட்டில் வாங்கிய கருவிக்குப் பிறநாட்டிற் பழுதுபார்க்கும் பொறுப்பேற்காமை, மின்னழுத்த வேறுபாடு முதலியன அவ்வேற்றத்தாழ்வுக்கு வேலியாகின்றன. விலையேற்றம் அனைத்தும் கொள்ளையென்றுங் கூறுதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவர் குறைந்தது இரண்டாண்டு பொருளின் குறைபாட்டிற்குப் பொறுப்பாளி. அப்பாதுகாப்பின் செலவும் விலையிற் கலந்துள்ளது.

5. யார் சுமப்பது?

தீர்வையை ஆதரிப்போர் கூறுவது புறக்கணிக்கத்தக்கதன்று. அரண் இன்றேல் இளந்தொழில் வேரூன்றாது என்பர். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஊதியம் பெறுவதைக் காட்டுவர். ஆயினும் மறுபக்கமும் உண்டு. கைப்பேசியின்மேலுள்ள சரக்கு சேவை வரி, 2020 ஏப்ரல் முதல் நாளன்று 12இலிருந்து 18ஆக உயர்ந்தது. அந்நாளில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பின்வந்த திங்கள்களில் பாடம் கைப்பேசி வழியே வந்தது. முடிவு முன்னரே செய்யப்பெற்றதாயினும், அவ்வுயர்வு கூலியாளின் வீட்டையும் செல்வரின் வீட்டையும் ஒரே வீதத்தில் தொட்டது. ஒருவருக்கு அஃது ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. மற்றவருக்கோ பல நாட் கூலி.

ஆதலின், ஒரு பொருள் இங்கு விலை மிக்கது என்று கேட்டவுடன் முனிதலும், அயல்நாட்டில் மலிவு என்று கேட்டவுடன் மயங்குதலும் கற்றார்க்கு அழகன்று. விலையில் வரி எவ்வளவு, நாணய மாற்றால் வந்தது எவ்வளவு, விற்போர் ஆதாயம் எவ்வளவு எனப் பகுத்து வினவுதல் வேண்டும். அவ்வரியால் யார் பயன் பெற்றார், யார் இழந்தார் என்பதையும் உடன் வினவுவோமாயின், வகுப்பறையிற் பயிலும் பொருளாதாரம் கடைத்தெருவிலும் நமக்குத் துணை செய்யும்.