மேசைமேல் உறையும் கிருமிகள்

நோயாளியின் குருதி, சளி, சிறுநீர் ஆகியவற்றை ஆராயும் இடம் மருத்துவமனையின் ஆய்வுக்கூடம். அங்கே தட்டில் ஊட்டக்கூழ் பரப்பிக் கிருமிகளை வளர்ப்பர். அதன்மேல் பலவகை மருந்துகள் தோய்ந்த சிறு வட்டத்தாள்களை இடுவர். மறுநாள் காணின், மருந்துக்கு அஞ்சும் கிருமி தாளைச் சூழ வளராமையால் தெளிந்த வளையம் தோன்றும். அஞ்சாத கிருமியோ தாளின் விளிம்புவரை செழித்து நிற்கும்.

இவ்வஞ்சாமை எங்ஙனம் வந்தது? கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒன்றிரண்டு மருந்தைத் தாங்க வல்லன. மற்றவை மாய, எஞ்சியவை பெருகுகின்றன. அவை அவ்வாற்றலைப் பிறவகைக் கிருமிகளுக்கும் ஈகின்றன. ஈகைக்குணம் இவற்றிடமா அமைய வேண்டும்! 1928-இல் பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ஆம் ஆண்டு நோபெல் பரிசுச் சொற்பொழிவிலேயே, போதிய அளவினும் குறைந்த மருந்து கிருமியைக் கொல்லாது வலிமைப்படுத்திவிடும் என்று எச்சரித்தார்.

இனி, அக்கூடத்தின் மேசையை நோக்குவோம். அது பளிங்குபோல் ஒளிர்கின்றது. ஆயினும், கிருமித்தட்டைத் தொட்ட கையுறையே குளிர்ப்பெட்டியின் கைப்பிடியையும் தொலைபேசியையும் தொட்டிருக்கலாம். கையுறை அணிந்தவரைக் காக்கும். அவர் தொட்ட பொருளைக் காக்காது. ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி உலர்ந்த பரப்பிலும் மாதக்கணக்கில் உயிர் தாங்கும். கிருமிகொல்லி நீரைத் தடவிய மறுகணமே துடைத்துவிடுதல் வீண்செயல். குறித்த நேரம்வரை பரப்பு நனைந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் பெதெஸ்டா நகரில் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் மருத்துவமனை உள்ளது. 2011 ஜூன் மாதம் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமியுடன் ஒருவர் அங்கு வந்தார். அவரைத் தனியறையில் வைத்துப் பேணினர். ஜூலையில் அவர் நலமுற்று வீடு திரும்பினார். மூன்று வாரங்கள் கழிந்தபின் மற்றொருவரிடம் அக்கிருமி காணப்பட்டது. முடிவில் 18 பேரிடம் அது பரவியிருந்தது. அவர்களுள் அறுவர் அந்நோயாலேயே மாண்டனர்.

கிருமி எங்கே ஒளிந்திருந்தது? கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களிலும், தூய்மை செய்து வைத்த மூச்சுக்கருவி ஒன்றிலும் அஃது இருந்தது! ஆய்வாளர் கிருமிகளின் மரபுக்குறிப்பை எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டு, அனைத்தும் முதல் நோயாளியிடமிருந்து வந்த ஒரே வழித்தோன்றல்கள் என நிறுவினர். மருத்துவமனையார் சுவர் எழுப்பி நோயாளிகளைப் பிரித்தனர், அறைகளில் கிருமிகொல்லும் ஆவியைச் செலுத்தினர், நீர்க்குழாய்களையும் பெயர்த்தெடுத்தனர்.