டிரை ஐஸைக் காரில் கொண்டுபோகலாமா?

கேள்வி: தங்கை மகளின் பிறந்தநாளுக்குத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் ஐஸ்கிரீம் கொண்டுபோகிறோம். கடைக்காரர் 3 கிலோ டிரை ஐஸ் வைத்துத் தருவதாகச் சொல்கிறார். குழந்தைகளும் உடன் வருவதால் பயமாக இருக்கிறது. மிஞ்சியதை ஜூஸில் போட்டுப் புகை வரவைக்கலாமா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் கார் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் போகக் கூடாது.

டிரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு. மைனஸ் 78.5 டிகிரி குளிரில் இருக்கும் இது, உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகிவிடும். அதனால்தான் பெட்டி நனைவதில்லை, ஐஸ்கிரீமும் கல்லாகவே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது அந்த வாயுவைத்தான். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கும் அதிகமான வாயுவாகும். காருக்குள் இருக்கும் காற்றோ சுமார் 3,000 லிட்டர்தான். எல்லாம் மூடியிருந்தால், கால் கிலோவுக்குச் சற்று அதிகமாக ஆவியானாலே கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதத்தை நெருங்கிவிடும். தலைவலியும் மூச்சிரைப்பும் வர அதுவே போதும். 10 சதவீதமானால் மயக்கமே வரும். இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. காற்றைவிடக் கனமானது என்பதால் கீழேதான் தேங்கும். டிக்கியில் வைத்தாலும் பல கார்களில் அந்தக் காற்று உள்ளே வரும். எனவே கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஏசியில் வெளிக்காற்று உள்ளே வரும்படி திருப்பி வையுங்கள்.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கிரீமுக்கு மேலே செய்தித்தாள் விரித்து, அதன்மீது டிரை ஐஸை வையுங்கள். குளிர்காற்று கீழே இறங்கும். மூடியை டேப் போட்டு இறுக்கி ஒட்ட வேண்டாம். பாட்டிலிலோ காற்றுப் புகாத டப்பாவிலோ அடைத்தால் அழுத்தம் ஏறி வெடித்துவிடும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். தடித்த கையுறையும் இடுக்கியும் அவசியம்.

ஜூஸில் போடவே போடாதீர்கள். ஒரு சிறு துண்டு வாய்க்குள் போனாலும் வாயும் உணவுக்குழாயும் புண்ணாகும். 2024 மார்ச்சில் குருகிராம் உணவகம் ஒன்றில் மவுத் ஃபிரெஷ்னர் என்று கொடுக்கப்பட்ட டிரை ஐஸை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

புகைதான் வேண்டுமென்றால் ஜூஸ் பாத்திரத்தை ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்து, அண்டாவில் வெந்நீர் ஊற்றி, பெரியவர் ஒருவர் டிரை ஐஸைப் போடட்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். மிஞ்சியதைக் குழந்தைகளுக்கு எட்டாத மொட்டைமாடியில் திறந்து வைத்துவிடுங்கள். தானாகவே காற்றில் கலந்துவிடும்.