வவுச்சர் காலாவதி ஆகறதுக்கு முன்னாடி

இந்த வாரப் பேச்சில் விட்டுப்போன ஒரு சின்ன பாடம்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து சென்னை போக நான் எடுத்த டிக்கெட்டை விமான நிறுவனமே ரத்து செய்தது. பதிலுக்கு வந்த வவுச்சரை மறந்தே போயிட்டேன். மெயிலில் 'வவுச்சர்'னு தேடினா ஒண்ணும் வரல. ஜெர்மனில் 'குட்ஷைன்'னு தேடியதும் வந்துச்சு. காலாவதிக்கு 9 நாள்தான் பாக்கி! அன்னைக்கே புக் பண்ணிட்டேன்.

நீங்களும் தேடுங்க: ஜெர்மன் சொல், 6 எழுத்து முன்பதிவுக் குறியீடு, 13 இலக்க டிக்கெட் எண். கிடைச்சதும் நிபந்தனையைப் படிங்க. அந்தத் தேதிக்குள் புக் பண்ணினால் போதுமா, பயணமே முடியணுமா? இரண்டும் வேறு. ஒரு மாதம் முன்பே காலண்டரில் நினைவூட்டல் போட்டுடுங்க.

அடுத்த முறை வவுச்சரே வாங்காதீங்க. ஸ்டுட்கார்ட்டில் கிளம்பும் விமானம் ரத்தாகி, மாற்று விமானமும் வேண்டாம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 7 நாளில் பணமாகவே கேட்கலாம். வவுச்சர் தர உங்கள் கையெழுத்திட்ட சம்மதம் வேணும்.

ஆனா ஒண்ணு. தெளிவான தகவல் தந்திருந்தால், இணையப் படிவத்தில் வவுச்சரைத் தேர்வு செய்வதும் அந்தச் சம்மதமே என்று 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால், க்ளிக் பண்றதுக்கு முன்னாடி படிங்க!