பாடம் 5: சிக்குன்குனியா – வீடு திரும்பியதும் செய்ய வேண்டியவை

2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் கல்முனை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு ஆகிய இடங்களில் சிக்குன்குனியா பரவியது. திடீர்க் காய்ச்சல், தோலில் தடிப்பு, மூட்டுகளில் கடும் நோவு என்பன இதன் அறிகுறிகள். ஏறத்தாழ 40 வருடங்களாக இலங்கையில் காணப்படாத நோய் என்பதால் பெரும்பாலானோருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. ஒரே வீட்டில் பலர் படுக்கையில் விழுந்தனர்.

இந்நோயால் மரணம் அரிது. ஆனால் மூட்டு நோவு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். வலை இழுப்பவரும் தறியில் நெய்பவரும் கையை மடக்க முடியாமல் இருந்தால் குடும்பத்தின் உழைப்பு நின்றுவிடும்.

எப்படிப் பரவுகிறது?

நோயாளியைத் தொடுவதால் பரவாது. கால்களில் வெள்ளை வரிகள் உள்ள, பகலில் கடிக்கும் நுளம்பே இதைப் பரப்புகிறது. டெங்கு நோயைப் பரப்புவதும் இதே நுளம்புதான். நீர் தேங்கும் பாத்திரத்தின் உட்சுவரில் இது முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மழை நீர் பட்டதும் பொரித்து, 7 முதல் 10 நாட்களில் நுளம்பாகிவிடும். ஆகவே, பூட்டிக் கிடந்த உங்கள் வளவில் முட்டைகள் ஏற்கெனவே இருக்கலாம்.

குடியேறும் முதல் வாரத்தில்:

1. தண்ணீர்த் தொட்டி, பீப்பாய், வாளி ஆகியவற்றின் உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது.
2. சிரட்டை, டின், பழைய டயர், உடைந்த பானை ஆகியவற்றை அகற்றுங்கள்.
3. கூரைப் பீலியில் அடைத்துள்ள சருகை எடுங்கள்.
4. பாவிக்காத கிணற்றை வலையால் மூடுங்கள்.

அதன்பின் வாரம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

காய்ச்சல் வந்தால்:

ஓய்வெடுங்கள், கஞ்சி, இளநீர் போன்றவற்றை நிறையக் குடியுங்கள். பரசிட்டமோலை உரிய அளவில் மட்டும் எடுங்கள். அஸ்பிரின் வேண்டாம், டெங்காக இருந்தால் இரத்தக் கசிவு ஏற்படலாம். நோயாளி முதல் வாரத்தில் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கட்டும். அவரைக் கடிக்கும் நுளம்பே மற்றவர்களுக்கு நோயைக் கொண்டுசெல்கிறது. காய்ச்சல் உள்ள எவரும், குறிப்பாகக் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இந்த நுளம்பு அதிக தூரம் பறக்காது. உங்கள் வீட்டில் கடிப்பது பெரும்பாலும் உங்கள் வளவில் அல்லது பக்கத்து வளவில் பிறந்ததே. எனவே வெள்ளிக்கிழமை காலை போன்ற ஒரு நேரத்தைக் குறித்து, ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்து துப்புரவு செய்யுங்கள். இன்னும் ஆட்கள் திரும்பாத வளவுகளையும் அன்றே பாருங்கள். அங்கு நீர் தேங்கியிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.