பெட்டி சொன்னால்தான் நம்புவார்களா?

கேள்வி: யுபிஐயில் பணம் அனுப்பியதைத் திரையில் காட்டினாலும், ஒலிப்பெட்டி அறிவிக்கும்வரை கடைக்காரர்கள் நம்புவதில்லையே, ஏன்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவர்கள் செய்வது சரிதான். ‘பணம் செலுத்தப்பட்டது’ என்ற திரையை அப்படியே போலியாகக் காட்டும் செயலிகள் உண்டு. கடையின் க்யூஆர் அட்டைமேல் தங்கள் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் மோசடிக்காரர்களும் உண்டு.

2016இல் யுபிஐ வந்த புதிதில், கடைக்காரர் குறுஞ்செய்தியையும் செயலி அறிவிப்பையும்தான் நம்பியிருந்தார். கூட்ட நேரத்தில் பரோட்டா மாஸ்டர் மாவுக் கையோடு போனை எடுத்துப் பார்க்க முடியுமா?

சிம் கார்டுடன் வந்த ஒலிப்பெட்டி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. பணம் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகு, கட்டணச் சேவை நிறுவனத்தின் சர்வரே அதற்குச் செய்தி அனுப்புகிறது. வாடிக்கையாளரின் போனுக்கு அதில் வேலையில்லை. தொகையைத் தமிழிலேயே சொல்வதால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிறது. வாங்குபவர், விற்பவர் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுவதால் வாக்குவாதமும் இல்லை.

அனுப்புபவருக்கும் பாதுகாப்பு வேண்டுமே! பெறுபவரின் பெயரை வங்கிப் பதிவில் உள்ளபடியே காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025இல் உத்தரவிட்டது. தனிநபர்களுக்கிடையே ‘பணம் கேட்கும்’ வசதியையும் அதே ஆண்டு நிறுத்தியது. மோசடிக்கு அது வழியாக இருந்தது.

எனவே, ‘பின்’ (PIN) எண்ணை அழுத்தும் முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.